மைனஸ் 17 டிகிரியில் ஆயிரம் சைக்கிள்கள்: ஊலு நகரின் குளிர்காலப் போக்குவரத்து

பின்லாந்தின் ஊலு நகரத்தில், தெற்குப் புறநகர் ஒன்றில் மெட்சோகங்காஸ் என்ற பள்ளி இருக்கிறது. சுமார் 1,200 பிள்ளைகள் படிக்கிறார்கள். மைனஸ் 17 டிகிரி குளிர் அடித்த ஒரு நாளில், அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் சைக்கிளில்தான் பள்ளிக்கு வந்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல் நடந்து வந்தார்கள். மீதிப் பேரில் சிலர் பனிச்சறுக்குக் கட்டைகளிலும், காலால் உந்தி ஓட்டும் சறுக்கு வண்டியிலும், சிலர் காரிலும் வந்தார்கள். பள்ளி முன்னால் உறைபனி படிந்த சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கும் படம் பல நாடுகளில் பகிரப்பட்டது.

படத்தைப் பார்த்த பலர் சொன்ன விளக்கம் ஒன்றுதான்: "அவர்கள் அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பழகிப் போயிருக்கும்." எனக்கு இந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. குளிருக்குப் பழகுவதுதான் காரணம் என்றால், பக்கத்து நாடான ஸ்வீடனிலும் இதையே பார்த்திருக்க வேண்டும். அங்கே லூலியோ, லிங்ஷொப்பிங் என்ற இரண்டு நகரங்களில் வேலைக்குப் போகிறவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு மாறும்போது சைக்கிள் பயணங்கள் 47 சதவீதம் குறைந்தன, கார் பயணங்கள் 27 சதவீதம் கூடின. அவர்களும் பனியில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பாதைகளைக் குளிர்காலத்தில் நன்றாகப் பராமரித்தால் சைக்கிள் பயணங்களை 18 சதவீதம் கூட்டலாம், கார் பயணங்களை 6 சதவீதம் குறைக்கலாம். ஆட்கள் அதே ஆட்கள், குளிரும் அதே குளிர். மாறுவது காலுக்கும் சக்கரத்துக்கும் கீழே இருக்கும் தரை. ஊலுவைப் பார்க்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தரையைத்தான்.

நகரத்தின் அமைப்பு

ஊலு 1605-ல் தோன்றிய பழைய ஊர். ஊலுயோகி ஆறு போத்னியா வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை 2 லட்சத்துக்குச் சற்று அதிகம். பெருநகரம் இல்லை, சிற்றூரும் இல்லை. நடுத்தர நகரம். டிராம் கிடையாது, மெட்ரோ கிடையாது. பேருந்து, கார், சைக்கிள், நடை, அவ்வளவுதான். நடுக்குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் மூன்றரை மணி நேரம் மட்டுமே. பத்தரை மணி வாக்கில் சூரியன் எழும், இரண்டு மணி தாண்டியதும் மறைந்துவிடும். அதாவது பள்ளிக்கும் வேலைக்கும் போவது இருட்டில், திரும்புவதும் பெரும்பாலும் இருட்டில்.

இந்த ஊரில் ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் ஐந்தில் ஒரு பங்கு பயணங்கள் சைக்கிளில் நடக்கின்றன. குளிர்காலத்தில் அது சுமார் 12 சதவீதமாகக் குறைகிறது. இந்தக் குறைவையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஊலுவிலும் பனி விழுந்ததும் கணிசமானோர் சைக்கிளை ஓரங்கட்டுகிறார்கள். ஆனால் குளிர் மிகுந்த ஒரு நகரத்தில், அரையிருட்டில், எட்டுப் பயணங்களில் ஒன்று சைக்கிளில் நடக்கிறது என்பது சிறிய விஷயம் இல்லை. கோடையிலேயே இந்த அளவை எட்டாத நகரங்கள் உலகத்தில் ஏராளம்.

பனி விழுந்தால் கார்ச் சாலைக்கு என்ன ஆகிறது

சைக்கிளுக்குப் போகும் முன் காரைப் பார்த்துவிடலாம். குளிர் நகரங்களில் பெரும்பாலானோர் நம்பியிருப்பது காரைத்தான். பனி விழுந்ததும் முதலில் தடுமாறுவதும் கார்ப் போக்குவரத்துதான்.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எண் சுமார் 0.7. இறுகிய பனியில் 0.25 அளவு. பளபளக்கும் பனிக்கட்டியில் 0.1 அளவு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்குக் காய்ந்த சாலையில் 14 மீட்டர் போதும். இறுகிய பனியில் 39 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 98 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. வேகத்தை 30-ஆகக் குறைத்தாலும் பனிக்கட்டியில் 35 மீட்டர் தேவைப்படுகிறது. நல்ல குளிர்கால டயர் இந்தத் தூரங்களைக் குறைக்கும், ஆனால் காய்ந்த சாலையின் கணக்குக்குக் கொண்டுவராது.

எனவே எல்லோரும் மெதுவாக ஓட்டுகிறார்கள், முன் வண்டியோடு இடைவெளி விடுகிறார்கள். அது சரியான செயல்தான். ஆனால் ஒரே சாலை ஒரு மணி நேரத்தில் கடத்திவிடும் வண்டிகளின் எண்ணிக்கை அதனாலேயே குறைந்துவிடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் மதிப்பீட்டின்படி, பனியோ பனிச்சேறோ கிடக்கும் நகரச் சாலைகளில் சராசரி வேகம் 30 முதல் 40 சதவீதம் வரை விழுகிறது. அப்புறம் பனி தள்ளும் வண்டி வந்து போகும். அது ஒதுக்கும் பனி சாலையின் இரண்டு ஓரத்திலும் வரப்புப் போல எழும்பும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த வரப்பு இறுகிக் கல்லாகிவிடும். சாலை அகலம் குறையும், நிறுத்தும் இடம் குறையும், குறுக்குச் சந்தில் இருந்து வருபவருக்குப் பார்வை மறையும். நடைபாதை இருந்த இடத்தில் பனி மேடுதான் இருக்கும்.

குறுந்தூரத்துக்குக் காரை எடுப்பவர் இன்னொரு விலையும் கொடுக்கிறார். மைனஸ் 7 டிகிரியில் பெட்ரோல் கார் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் நகரப் பயணங்களில் சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தாறு கிலோமீட்டர் பயணம் என்றால் குறைவு கால் பங்கை நெருங்கும். எஞ்சின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவதுதான் காரணம். கடும் குளிர் நகரங்களில் எஞ்சினைச் சூடேற்றும் கருவிக்கு மின் இணைப்பு கொடுக்கும் கம்பங்கள் கார் நிறுத்துமிடங்களில் நிற்கின்றன, ஊலுவிலும் உண்டு. கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் நேரத்தையும் சேர்த்தால், மூன்று கிலோமீட்டர் பயணத்தில் காரின் வேகம் எதற்கும் பயன்படாமல் போகிறது.

1970-களில் போட்ட அடித்தளம்

ஊலு திட்டமிட்டுச் சைக்கிள் பாதைகள் போடத் தொடங்கியது சென்ற வாரமோ சென்ற பத்தாண்டோ இல்லை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அந்த ஊர் வேகமாக வளர்ந்தது. 1958-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் பிறகு நகரத்துக்கு வடக்கே லின்னன்மாவுக்குக் குடிபெயர்ந்தது. புதிய குடியிருப்புகள் எழுந்தன. மற்ற பல நகரங்கள் அந்த ஆண்டுகளில் கார்ச் சாலைகளை மட்டும் போட்டுக்கொண்டிருந்தன. ஊலுவின் பொறியாளர்கள் கார்ச் சாலைகளோடு சேர்த்துத் தனிச் சைக்கிள் பாதைகளையும் வரைபடத்தில் வைத்தார்கள். இன்று 900 கிலோமீட்டருக்கும் மேல் நடை, சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. பெரிய சாலைகளைக் கடக்க 300-க்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள் உள்ளன.

சுரங்கப்பாதை என்றதும் இருட்டான, பயமுறுத்தும் இடங்கள் நினைவுக்கு வரலாம். ஊலுவில் பல இடங்களில் அமைப்பு வேறு மாதிரி. கார்ச் சாலையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, சைக்கிள் பாதையை ஏறத்தாழ சமதளத்திலேயே அடியில் விட்டிருக்கிறார்கள். ஓட்டி வருகிறவருக்கு எதிர்ப்பக்கம் தெரிகிறது. இதன் பலன் குளிர்காலத்தில் கூடுதலாகத் தெரியும். சிக்னலில் நின்று, வழுக்கும் தரையில் மறுபடி மிதித்துக் கிளம்பும் வேலை இல்லை. பிரேக் பிடித்தும் நிற்காமல் வரும் காரின் முன்னால் போய் மாட்டிக்கொள்ளும் அபாயமும் இல்லை.

இன்னொரு பலனும் உண்டு, இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பாதை சாலையை ஒட்டி இல்லாமல், மரங்களும் புல்வெளியும் இடையில் இருக்கத் தள்ளியே போகிறது. அதனால் சாலையில் தள்ளும் பனி சைக்கிள் பாதையில் வந்து விழாது. சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த சைக்கிள் பாதைகள் குளிர் நகரங்களில் காணாமல் போவது இந்த இடத்தில்தான். முதல் பனிப்பொழிவிலேயே அந்தக் கோடும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் பனி வரப்புக்குள் புதைந்துவிடும். மார்ச் வரை அங்கே பாதை என்று ஒன்று இல்லை.

பள்ளிகளின் இடமும் இதில் சேரும். பின்லாந்தில் வீட்டிலிருந்து பள்ளி 5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் மாணவருக்கு இலவசப் போக்குவரத்து தர வேண்டும் என்பது சட்டம். பள்ளி வீட்டுக்கு அருகில் இருப்பதில் ஊராட்சிக்கும் அக்கறை வந்துவிடுகிறது. மெட்சோகங்காஸ் போன்ற குடியிருப்பில் கார்கள் வெளிப்பக்கமாகச் சுற்றி வருகின்றன, நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் உள்பக்கமாக நேரே பள்ளிக்குப் போகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பும் தைரியம் பெற்றோருக்கு இங்கிருந்துதான் வருகிறது.

பனியை அகற்றாமல் அமுக்குவது

வெளியூர்க்காரர்கள் ஊலுவுக்குப் போனால் ஒரு விஷயத்தில் ஆச்சரியப்படுவார்கள். சைக்கிள் பாதைகளில் தார் தெரியாது. பாதை முழுவதும் வெள்ளையாகவே இருக்கும். பனியை வழித்தெடுத்துத் தரையைக் காட்டுவதை அவர்கள் இலக்காக வைக்கவில்லை. புதிதாக விழுந்த தளர்ந்த பனியை ஒதுக்கிவிட்டு, அடியில் இருப்பதை அமுக்கி இறுக வைக்கிறார்கள். மேற்பரப்பு வழவழப்பாகாமல் இருக்கப் பல் வைத்த தகட்டால் கோடு கோடாகக் கீறுகிறார்கள். தேவைப்படும் இடத்தில் பொடி ஜல்லி தூவுகிறார்கள். நீண்ட குளிரில் இந்தப் பரப்பு சைக்கிளுக்கு நன்றாகவே பிடி கொடுக்கிறது. சாதாரண டயரிலேயே பலர் ஓட்டுகிறார்கள், சிலர் ஆணி பதித்த டயர் போட்டுக்கொள்கிறார்கள்.

உப்புப் போட்டால் என்ன? இதில்தான் பல நகரங்கள் தவறு செய்கின்றன. உப்பு தண்ணீரின் உறைநிலையைக் குறைக்கும். சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை கரைசல் உறையாது என்பது ஆய்வகக் கணக்கு. சாலையில் நிலைமை வேறு, மைனஸ் 9 அல்லது 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பு மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். கார்ச் சாலையில் ஆயிரக்கணக்கான கனமான டயர்கள் உப்பையும் பனியையும் அரைத்துக் கலக்கிக் கரைத்துவிடும். சைக்கிள் பாதையில் அந்த எடை இல்லை. பாதி கரைந்த பனி ஈர மணல் போலக் குழைந்து கிடக்கும். அதில் சைக்கிள் ஓட்டுவது மணலில் ஓட்டுவதற்குச் சமம், முன்சக்கரம் தானாகத் திரும்பும். இரவில் அது சக்கரத் தடங்களோடு உறைந்தால் மறுநாள் காலையில் இன்னும் மோசம். அதனால் குளிர் நிலையாக இருக்கும் நாட்களில் உப்பு இல்லாத, இறுகிய பனியே சைக்கிளுக்கு ஏற்றது. ஊலு இதைப் புரிந்துகொண்டு நடக்கிறது.

பனி சில சென்டிமீட்டர் விழுந்ததுமே வேலை தொடங்கிவிடும். முக்கியமான சைக்கிள் பாதைகளில் பனியைக் காலை 7 மணிக்குள், மக்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன், தள்ளி முடித்துவிட வேண்டும் என்பது விதி. என் பார்வையில் ஊலுவின் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த நேரக் கெடுதான். பத்து மணிக்குச் சுத்தமாகும் பாதையால் எட்டு மணிக்குக் கிளம்புகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு வாரத்தில் இரண்டு முறை இப்படி ஏமாந்தால் அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவரைத் திரும்பச் சைக்கிளுக்குக் கொண்டுவர ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தையும் விட்டுவிடவில்லை. பாதைகளுக்கு விளக்குகள் உண்டு. தரையில் வரைந்த குறியீடுகள் பனியில் மறைந்துவிடும் என்பதால், சில இடங்களில் சைக்கிள் சின்னத்தை மேலிருந்து ஒளியாகப் பனியின் மேலேயே விழச் செய்கிறார்கள்.

முதலில் யாருக்கு?

எல்லாச் சாலையையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய எந்த நகரத்திடமும் வண்டிகள் இல்லை. வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும். வழக்கமான வரிசை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்று: பெரிய சாலைகள், பேருந்துத் தடங்கள், பிறகு குடியிருப்புத் தெருக்கள். கனடாவின் வின்னிபெக் நகரமும் தெருக்களை இப்படித்தான் மூன்று தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போக வேண்டிய சாலைகள் முதலில் திறக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் நடைபாதை இந்த வரிசையில் எங்கே வருகிறது என்று கேட்டால் பதில் பல ஊர்களில் சங்கடமாகவே இருக்கும்.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கோகா என்ற சிறிய ஊர் 2011 வாக்கில் இந்த வரிசையை எடுத்து ஆராய்ந்தது. தங்கள் முடிவுகள் ஆண்களையும் பெண்களையும் எப்படிப் பாதிக்கின்றன என்று எல்லாத் துறைகளையும் பார்க்கும் முயற்சியில் பனி அகற்றலும் வந்தது. கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, நடந்தும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். பத்து சென்டிமீட்டர் பனியில் காரை ஓட்டிவிடலாம். அதே பனியில் குழந்தை வண்டியையோ சக்கர நாற்காலியையோ தள்ள முடியாது. எனவே வரிசையை மாற்றினார்கள்: காப்பகங்களைச் சுற்றிய நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் முதலில், பெரிய வேலையிடங்கள் அடுத்து, மற்றவை பிறகு. வேலை அதே அளவுதான் என்பதால் செலவு கூடவில்லை. பனி வழுக்கியதால் காயமடைந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் கார் ஓட்டிகளைவிட நடப்பவர்கள்தான் மிக அதிகம் என்பது ஸ்வீடனின் காயப் பதிவுகளில் ஏற்கெனவே தெரிந்த உண்மை. ஓர் இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆகும் சிகிச்சைச் செலவை நினைத்தால், நடைபாதையின் பனியை முதலில் தள்ளுவது தாராள மனம்கூட இல்லை, கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை.

இதற்கு ஓர் எதிர் உதாரணமும் உண்டு. ஸ்டாக்ஹோம் நகரமும் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டது. 2016 நவம்பரில், அளவிடத் தொடங்கிய 1905-லிருந்து அந்த மாதத்தில் காணாத அளவு பனி கொட்டியது. பேருந்துகள் நின்றன, நகரம் முடங்கியது. பழி முழுவதும் புதிய வரிசை மேல் விழுந்தது. எனக்கு அந்தப் பழி பொருத்தமாகப் படவில்லை. அவ்வளவு பனி ஒரே மூச்சில் விழுந்தால் எந்த வரிசையும் திணறும். ஆனால் எதிர்ப்பாளர்கள் மறைமுகமாகத் தொட்ட ஒரு விஷயம் உண்மை. வரிசையைத் தாளில் மாற்றினால் போதாது. நடைபாதையின் அகலத்துக்கு ஏற்ற சிறிய வண்டிகளும், அதிகாலை மூன்று மணிக்கு அவற்றை ஓட்ட ஆட்களும் வேண்டும். ஊலு பல பத்தாண்டுகளாக அந்த வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே பாதைகளே அந்த வண்டிகள் போகும் அகலத்தில் போடப்பட்டவை.

ஊலு சாதிக்காதது

ஊலுவைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊரில் இன்றும் முதலிடம் காருக்குத்தான். 2013-ல் ஹௌகிபுதாஸ், கீமின்கி, ஊலுன்சாலோ, யிலி-ஈ என்ற நான்கு அக்கம்பக்கத்து ஊராட்சிகள் ஊலுவோடு இணைந்தன. நகரத்தின் பரப்பு பெருகியது. இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டியவருக்கு எவ்வளவு நன்றாகப் பனி தள்ளினாலும் சைக்கிள் தினசரி வழியாகாது. பாதைகள் எவ்வளவு நல்லவையோ, கார்ச் சாலைகளும் கார் நிறுத்துமிடங்களும் அவ்வளவு நல்லவை. சைக்கிளுக்கு வசதி செய்துகொடுத்த நகரம், காருக்கு எந்த வசதியையும் குறைக்கவில்லை. பயணங்களில் சைக்கிளின் பங்கு பெரிதாக மாறாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜல்லிக்கும் ஒரு விலை உண்டு. ஏப்ரலில் பனி உருகியதும் குளிர்காலம் முழுவதும் தூவிய ஜல்லி வெளியே தெரியும். அதை வாரும் வரை டயர்கள் பஞ்சராகும், காய்ந்த நாட்களில் தூசி கிளம்பி மூச்சை அடைக்கும். பின்லாந்து நகரங்களில் ஆண்டின் மோசமான காற்று பல நேரம் அந்த வசந்த வாரங்களில்தான் வருகிறது.

2013-ல் குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடு ஊலுவில்தான் நடந்தது. அடுத்த ஆண்டு அது வின்னிபெக்குக்குப் போனது. வின்னிபெக்கின் ஜனவரி ஊலுவின் ஜனவரியைவிடக் கடுமையானது. தரையைப் பற்றிய பாடம் அங்கேயும் செல்லுபடியாகும், காரணம் அந்தக் குளிர் நிலையானது.

இப்போது ஊலுவுக்கே வந்திருக்கும் சிக்கல் குளிர் குறைவதுதான். இறுகிய பனி முறை முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: நவம்பர் பிற்பகுதியில் உறைந்தால் மார்ச் வரை உறைந்தே இருக்கும். குளிர்காலம் வெப்பமாகும்போது, வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டி மேலும் கீழும் போய்வரும் நாட்கள் நடுக்குளிர்காலத்திலும் வருகின்றன. ஜனவரியில் மழை பெய்து, இறுகிய பனியின் மேல் தண்ணீர் நின்று, இரவில் உறைந்தால், மறுநாள் பாதை முழுவதும் கண்ணாடி. மைனஸ் 17-ல் கவலையில்லாமல் ஓட்டியவர் பூஜ்யம் டிகிரியில் விழுகிறார். தெற்கே ஹெல்சின்கியில் இந்த நிலை புதிதில்லை. அங்கே தேர்ந்தெடுத்த சில முக்கியப் பாதைகளில் சுழலும் தூரிகையால் பனியைத் தரை தெரியப் பெருக்கி, உப்புக் கரைசல் தெளிக்கிறார்கள். அது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு பனிக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய, செலவு கூடிய வேலை. 900 கிலோமீட்டருக்கு அதைச் செய்வது வேறு கணக்கு.

மைனஸ் 17-ல் மெட்சோகங்காஸ் பள்ளிக்கு எத்தனை சைக்கிள் வந்தது என்று நமக்குத் தெரியும். மழை பெய்து உறைந்த ஒரு ஜனவரிக் காலையில் அதே பள்ளியின் முன்னால் எத்தனை நிற்கின்றன என்பதுதான் நான் அடுத்துப் பார்க்க விரும்பும் எண்ணிக்கை.